அட்டையில் ஓர் ஊர்

விழிஞ்ஞத்துக்கு இன்னும் ரயில் வரவில்லை. வருவதற்கு ஏற்பாடு ஆகியிருக்கிறது. பாலராமபுரம் நிலையத்திலிருந்து புதிய துறைமுகம் வரையில் 10.7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை வகுத்திருக்கிறார்கள். அதில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் பூமிக்கு அடியில் சுரங்கமாகவே அமையும். மேலே தென்னந்தோப்புகளும் வீடுகளும் கடைத்தெருவும் இருக்க, கீழே சரக்கு வண்டி போய்வரும். அந்த வண்டி வருகிறபோது வரட்டும். இவ்வூரில் என் வீட்டு மேசையின்மேல் ஒரு ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ரயிலைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அது கடந்துபோகும் அட்டை வீடுகளைப் பற்றியும் இன்று நேயர்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

பொம்மை ரயில் வேறு, மாதிரி ரயில் வேறு. பொம்மை ரயிலுக்குச் சாவி கொடுத்தால் போதும்; அது வட்டமடிக்கும், குழந்தை கைகொட்டும். மாதிரி ரயில் என்பது வண்டி, பாதை, நிலையம், அதைச் சூழ்ந்த ஊர் ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கி அமைப்பது. திருவனந்தபுரத்தில் வேளி கடற்கரையோரம் 2020ஆம் ஆண்டு சூரிய ஒளியால் ஓடும் சின்ன ரயில் ஒன்றைத் தொடங்கிவைத்தார்கள். அதில் மனிதர்கள் ஏறி உட்காரலாம். ஆகவே அதுவும் மாதிரி ரயில் அன்று. நான் சொல்லும் ரயிலில் ஏறக்கூடியவர்கள் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த உயரமுள்ள மனிதர்கள் மட்டுமே. நாற்பது வயதைக் கடந்த ஓர் அரசாங்க ஊழியன் மாலைப்பொழுதுகளை இப்படிக் கழிப்பதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். சீட்டாட்டத்தில் கழிக்கிறவனைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இக்கலையின் பிறப்பிடம் ஐரோப்பா. ஜெர்மனியைச் சேர்ந்த மேர்க்லின் கம்பெனி 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், தண்டவாள அகலத்தை வரையறை செய்து, மேலும் மேலும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளத்தக்க ரயில் தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தது. அதன் பின்னர் நெடுங்காலம் எல்லோருடைய கவனமும் எஞ்சின்மேலேயே இருந்தது. நிலையமும் வீடுகளும் ஒப்புக்கு வைத்தவை. வண்டி போகும் ஊரும் வண்டியைப் போலவே கருத்துக்குரியது என்று செய்து காட்டியவர்களுள் ஜான் ஆஹர்ன் என்னும் ஆங்கிலேயர் முதன்மையானவர். மேடர் வேலி என்று அவர் பெயரிட்ட கற்பனைப் பாதையில், ரயிலைக் காண வந்தவர்கள் ரயிலை மறந்துவிட்டுத் தெருக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவர் ராய் இங்கிலாந்து என்பவர். பெயர் இங்கிலாந்து, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925ஆம் ஆண்டு இளைஞராக இங்கிலாந்துக்கு வந்தவர், ஆக்ஸ்ஃபர்டுக்கு அண்மையிலுள்ள வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் கிராமங்களைக் கண்டார். வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் கூரை மாறுவதையும், இடிபடுவதையும், புது வீடுகள் எழுவதையும் கண்டார். தடுக்க அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமும் இருந்தன. வீடு வீடாகச் சென்று அளந்தார். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அட்டையை வெட்டி அந்த வீடுகளை எழுப்பினார். செங்கல் வரிசை, சுவரில் படிந்த பாசி, ஜன்னல் திரை, தோட்டத்துப் பூச்செடி, ஒன்றையும் விடவில்லை. ஒரு குடிசைக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் சென்றது. 1954ஆம் ஆண்டு லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய பெண்டன் காட்சிசாலை இன்றும் இருக்கிறது. தன்னார்வலர்கள் அதே முறையில் வீடுகளைச் செய்து சேர்த்துவருகிறார்கள். ஆஹர்னின் மேடர் வேலியும் இப்போது அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது.

நம் நாட்டில் இதன் சுவையை அறிய விரும்புகிறவர்கள் புனே நகரத்துக்குப் போகலாம். அங்கே கோத்ரூட் பகுதியில் பாவுசாஹிப் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் முயற்சியால் உருவாக்கிய சிறு ரயில் காட்சிசாலை 1998ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவருகிறது. ஒரு நகரமே மேசைமேல் விரிந்திருக்கிறது. கூடத்து விளக்கை அணைத்து, அச்சிறு நகரத்தின் விளக்குகளை மட்டும் ஒளிரவிடும் நேரத்தில் பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். புனேயிலும் மும்பையிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தக்க இடம்.

இனி வீடு கட்டும் வேலைக்கு வருவோம். வழி எளிது என்று எண்ணுகிறவர்கள், மெட்காஃப், சூப்பர்குவிக் போன்ற ஆங்கிலக் கம்பெனிகள் விற்கும் அச்சிட்ட அட்டைகளை வரவழைத்து, வெட்டி, மடித்து ஒட்டிவிடுகிறார்கள். அவை நேர்த்தியான வேலைப்பாடு உடையவை, கைப்பழக்கத்துக்கு நல்லவை. ஆனால் அந்த வீடுகளில் குளிர்காயும் கணப்பு உண்டு. அதற்குப் புகைபோக்கி உண்டு. திண்ணை இல்லை. முற்றம் இல்லை. வாசலில் கோலமிட இடமில்லை. விழிஞ்ஞத்துத் தென்னை மரத்தடியில் யார்க்‌ஷயர் வீட்டை வைத்துப் பார்த்தால், பங்குனி வெயிலில் கம்பளிக் கோட்டுடன் நிற்கும் மனிதரைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. நமக்கு வேண்டிய வீட்டை எந்தக் கம்பெனியும் அச்சிட்டு விற்கவில்லை. நாமே அளந்து வரைந்துகொள்ள வேண்டும்.

அளவு என்றதும் ஒரு விஷயம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்காக இருப்பது 87இல் ஒரு பங்கு. அதாவது அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். பிரிட்டனில் அடிக்கு 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு. நான் பின்னதை மேற்கொண்டிருக்கிறேன். நம் ஊர்க் கொத்தனாரும் தச்சரும் இன்னும் அடிக்கணக்கிலேயே பேசுகிறார்கள்; பழைய வீடுகளும் அடிக்கணக்கில் கட்டியவையே. அடியை நான்கால் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. ஆறரை அடி வாசல் 26 மில்லிமீட்டர். இரண்டரை அடித் திண்ணை 10 மில்லிமீட்டர். 18 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள தெரு வீடு, அகலம் 72, நீளம் 240 மில்லிமீட்டராக அமையும். தண்டவாளத்தில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் நாட்டு அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். இக்கணக்கில் 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்த வேற்றுமையைப் பொருட்படுத்தினால் தண்டவாளத்தையும் நாமே அடிக்க நேரும். நான் பொருட்படுத்தவில்லை.

நான் அலுவலகத்தில் செய்யும் வேலை மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் போய்விடும் என்பது அங்கே முதற்பாடம். இங்கும் அப்படியே. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள சுண்ணாம்புப் பூச்சின் கனத்தை 76ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு வரும். அதைக் கத்தியால் கீற முடியாது. கீறினாலும் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும். பென்சிலால் மெல்ல ஒரு கோடு இழுத்தால் போதும். நிறமும் சுருங்க வேண்டும். வீட்டுச் சுவரின் காவி நிறத்தை அப்படியே கலந்து அட்டையில் பூசினால் கண்ணை உறுத்துகிறது. வெள்ளை சிறிது சேர்த்து மங்கச் செய்தால்தான் தொலைவில் நிற்கும் வீடாகத் தோன்றும். எதைக் காட்டுவது, எதைக் குறிப்பால் உணர்த்துவது, எதை விட்டுவிடுவது என்னும் தீர்மானத்தில்தான் இக்கலையின் பாதி அடங்கியிருக்கிறது.

மற்றப் பாதி அளப்பதில். நெல்லைச் சீமையில் எங்கள் தகப்பனார் வழி வீடு ஒன்று இருந்தது. அண்ணன் நாகபுரியில், அக்கா பெங்களூரில், நான் விழிஞ்ஞத்தில். வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. விற்றுவிட்டோம். வாங்கியவர் தை பிறந்ததும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார். நியாயந்தான், அவருக்கும் குடியிருக்க வீடு வேண்டுமல்லவா? அதற்கு முன் எங்கள் சித்தப்பா மகன் ஒரு நாள் முழுவதும் நாடாவும் கையுமாக நின்று, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடி என்று அளந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி அனுப்பினான். எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றுதான் கிடைக்கவில்லை. வாசற்படி எத்தனை என்பது.

தெருவில் சாலை போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். அதனால் கீழ்ப்படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. மேலே இரண்டு மட்டும் தெரிந்தன. அக்காவைக் கேட்டேன். "நாலு படி. நாலாவதில்தானே நான் கோலப்பொடிக் கிண்ணத்தை வைப்பேன்" என்றாள். அண்ணனைக் கேட்டேன். "மூன்றுதான், எனக்கு நன்றாகத் தெரியும்" என்றார். ஒரு வாரம் நாகபுரிக்கும் பெங்களூருக்கும் இடையே தொலைபேசியில் இந்த வழக்கு நடந்தது. வேறு எதைப் பற்றியும் அவர்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டு பல வருஷங்கள் ஆகியிருக்கும். கடைசியில் 1994ஆம் வருஷத்து அக்காவின் கல்யாணப் புகைப்படத் தொகுப்பு சாட்சிக்கு வந்தது. மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் வாசல் முழுவதும் தெரிகிறது. படிகள் மூன்று, அவற்றுக்குக் கீழே, கோலத்தால் பாதி மறைந்து, ஒரு கருங்கல் பலகை. அக்கா அதையும் எண்ணினாள். அண்ணன் எண்ணவில்லை. "அது படி இல்லை, வாசற்கல்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புகைப்படத்திலிருந்து அளவு காண ஒரு வழி உண்டு; பலருக்குப் பயன்படும் என்பதால் சொல்லுகிறேன். படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்க வேண்டும். எங்கள் படத்தில் வாசல் நிலை இருந்தது. அதன் உயரம் 6 அடி 1 அங்குலம் என்று நோட்டில் இருக்கிறது. நிலையின் உயரத்தைப் படத்தில் அளந்து, அதே தூரத்தில் இருக்கும் படியின் உயரத்தையும் அளந்து, விகிதம் போட்டால் படியின் உண்மையான உயரம் கிடைத்துவிடும். ஏழு அங்குலம் வந்தது. ஓட்டுக் கூரையாக இருந்தால் இன்னும் எளிது. ஓட்டு வரிசைகளை எண்ணினால் கூரையின் சரிவு நீளம் தெரிந்துவிடும். வீடு இருக்கும்போதே அளந்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும் நேயர்கள் பையில் ஓர் அளவு நாடா போட்டுக்கொண்டு போனால், அரை நாள் வேலை. வீட்டுப் பெரியவர்களை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அளந்துகொண்டே போகும்போது எந்த அறையில் யார் பிறந்தார்கள், எந்தத் தூணில் யார் பல் உடைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் கேட்காமலே வரும். அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

என் மேசையில் அந்த வீட்டுக்கு அண்டை வீடுகள் வேண்டியிருந்தன. அவற்றை நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பாலராமபுரத்தில் சாலியர் தெருக்கள் இருக்கின்றன. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட நெசவாளர்களின் வழியினர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களும் நம்மைப்போல் பிழைப்புக்காக எல்லை கடந்து வந்தவர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள் என்பதுதான் வேற்றுமை. அந்த ஊரை உருவாக்கிய திவான் உம்மிணித் தம்பியே விழிஞ்ஞத்தைத் துறைமுகமாக வளர்க்கவும் முனைந்தார். இப்போது போட்டிருக்கும் ரயில் திட்டத்தின் இரு முனைகளும் அவர் கருதிய ஊர்களே. தெருவில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும், உள்ளே குழித்தறி. பழைய ஓட்டு வீடுகள் குறைந்து காங்கிரீட் தளங்கள் பெருகிவருவதைப் பார்க்கிறேன்.

விழிஞ்ஞத்தின் பழம்பெருமையை மேசைக்குக் கொண்டுவருவது கடினம். எட்டாம் நூற்றாண்டிலேயே பாண்டியன் நெடுஞ்சடையன் இவ்வூரைப் போரிட்டு வென்றதாகச் சீவரமங்கலம் செப்பேடு கூறுகிறது. ஏறக்குறைய அதே காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று இங்கே இருக்கிறது. வெளிப்புறச் சிற்பங்கள் முற்றுப்பெறாமலே நிற்கின்றன. பாறைக்கு அட்டை உதவாது. நம் பாட்டிமார் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்வார்களே, அந்தக் காகிதக் கூழ்தான் பாறைக்குத் தகுந்தது. வெந்தயம் சேர்ந்தால் நன்றாக இறுகும்.

அட்டையைத் தேர்ந்தெடுப்பதில் செலவு அதிகமில்லை. படத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள் பயன்படுத்தும் மவுண்ட் அட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதை இரட்டையாக ஒட்டினால் 3 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவருக்குச் சரி. கதவு, ஜன்னல் சட்டம், கைமரம் போன்ற மெல்லிய உறுப்புகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு நிகர் ஏதுமில்லை. ஆவணி, தை மாதங்களில் வீட்டுக்கு வருவதே ஒரு தெருவுக்குப் போதும். ஜன்னல் கம்பிக்குத் தையல் நூலைப் பசையில் தோய்த்து இழுத்துக் கட்டலாம். கத்தியின் அலகு கூர்மையாக இருக்க வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டாமல் நான்கைந்து முறை மெல்லக் கீறி வெட்ட வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அட்டையின் முதற்பகை காற்றிலுள்ள ஈரம். இங்கே இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அட்டை ஈரத்தை உறிஞ்சி வளையும். ஒரு புறம் மட்டும் வர்ணம் பூசிய சுவர் வில்லாகிவிடும். ஆகவே மரச்சாமானுக்குப் பூசும் ஷெல்லாக் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, வெட்டிய ஒவ்வொரு துண்டின் இருபுறத்திலும் விளிம்பிலும் பூசிக் காயவிட வேண்டும். நீண்ட சுவர்களுக்கு உள்ளே குறுக்குச் சுவர் கொடுக்க வேண்டும். அவையே பின்னால் அறைத் தடுப்புகளாகவும் உதவும். இரண்டாவது பகை இராமபாணப் பூச்சி. மாவுப் பசையை நாடி வரும். புத்தகம் கட்டுகிறவர்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சேர்ப்பது இதற்காகத்தான். அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் மாவுப் பசையே வேண்டாம், கடையில் விற்கும் வெள்ளைப் பசை போதும்.

கூரைதான் பொறுமையைச் சோதிக்கும். மங்களூரில் பாசல் மிஷன் 1865ஆம் ஆண்டு தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியாகப் பரவிய ஓடு, மேற்குக் கரை முழுவதையும் மூடி, நம் பக்கத்திலும் நுழைந்தது. மேலோடு மறைத்த பகுதி போக, ஓர் ஓட்டில் வெளியே தெரிவது நம் கணக்கில் 4 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் கூட இராது. ஒவ்வொன்றாக ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் காகிதத்தை நீண்ட கீற்றுகளாக வெட்டி, தேய்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரிப்பள்ளம் உண்டாக்கி, இறவாணத்திலிருந்து முகடு நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறேன். முழுக் கூரையையும் ஒரே சிவப்பாகத் தீட்டக்கூடாது. மழை படும் பக்கம் கறுக்கும். அடுக்களைக்கு மேலே புகை படியும். அண்மையில் மாற்றிய நாலைந்து ஓடுகள் பளிச்சென்று தெரியும்.

இப்போது விளக்கு. முற்காலத்தில் கோதுமை மணி அளவுள்ள சிறு பல்புகளை வைத்தார்கள். அவை சூடேறி அட்டையைப் பழுப்பாக்கின. எல்.இ.டி. வந்தபின் அந்தக் கவலை இல்லை. தில்லியில் லஜபத் ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், சென்னையில் ரிச்சி தெரு, எங்கே கேட்டாலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டு மின்சாரத்தை நேராக அட்டைக்குள் கொண்டுபோகவே கூடாது. 12 வோல்ட் அடாப்டர் ஒன்று போதும். ஒவ்வொரு விளக்குக்கும் தனியே ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். கடைக்காரர் 470 ஓம் என்று எடுத்துக் கொடுப்பார். அது விளக்கை முழு வலிமையுடன் எரியவிடும்; வீடு தீப்பற்றியதுபோல் தெரியும். 4,700 ஓம் கேட்டு வாங்குங்கள். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, மாலைநேரத்து வீட்டின் ஒளி வரும். கோயில் திருவிழாச் சீரியல் விளக்குபோல் ஒன்றோடொன்று தொடர்ச்சியாக இணைத்தால், ஒன்று கெட்டால் எல்லாம் அணையும். தனித்தனி இணைப்பே நல்லது.

ஒளி ஒழுகுவதுதான் தொடக்கக்காரர்கள் காணும் பெரிய குறை. விளக்கை ஏற்றியதும் சுவரே செந்நிறமாக ஒளிரும். மூலைகளில் கோடு கோடாக வெளிச்சம் கசியும். சுவர்களை ஒட்டுவதற்கு முன் உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசிவிட்டால் சுவர் ஒளியை விடாது. மூலைகளில் கறுப்புக் காகிதம் ஒட்டலாம். அறைக்கு அறை தடுப்பு வேண்டும். எல்லா ஜன்னலும் ஒரே அளவில் ஒளிரும் வீடு எங்கேனும் உண்டா?

ஆங்கிலப் புத்தகங்கள் எல்லா அறைக்கும் மஞ்சள் ஒளியே வைக்கச் சொல்கின்றன. அது அவர்கள் வீட்டுக்குப் பொருந்தும். 1994ஆம் வருஷத்துத் தமிழ் வீட்டில் கூடத்தில் எரிந்தது டியூப்லைட். அதன் ஒளி நீலம் கலந்த வெள்ளை. அடுக்களையிலும் கிணற்றடியிலும் 40 வாட் குண்டு பல்பு, அது மஞ்சள். பூஜை அறையில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. ஆகவே கூடத்துக்கு வெள்ளை எல்.இ.டி., பின்கட்டுக்கு மஞ்சள், பூஜை அறைக்குச் சிவப்பு என்று மூன்று வகை வாங்கினேன். மூன்றும் எரிந்தபோது அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வாசற்கல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ரேழியில் விளக்கு கிடையாதே, இருட்டாகத்தானே இருக்கும்" என்று மட்டும் எழுதினார். ரேழி விளக்கை எடுத்துவிட்டேன். இருண்ட ரேழிக்கு அப்பால் கூடத்து வெளிச்சம் தெரியும்போதுதான் அது எங்கள் வீடாயிற்று.

மேசையின் மறுகோடியில் விழிஞ்ஞத்துக் கடல். இரவில் இங்கே கரையில் நின்று பார்த்தால் தொலைவில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் ஒரு தெருவைப்போல் வரிசையாகத் தெரியும். பின்புறம் கறுப்பு அட்டையை நிறுத்தி, ஊசியால் துளையிட்டு, பின்னால் ஒரே ஒரு விளக்கை வைத்தால் அது கிடைத்துவிடுகிறது. 1972ஆம் ஆண்டு முதல் எரியும் கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, சுமார் 36 மீட்டர் உயரம். அட்டையைச் சுருட்டிச் செய்தால் 47 சென்டிமீட்டர் வரும். துறைமுகத்தை மட்டும் கைவிட்டேன். 2024ஆம் ஆண்டு ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்து, 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட துறைமுகம் அது. அவ்வருஷம் ஜூனில் வந்த எம்.எஸ்.சி. ஐரீனா என்னும் கப்பல் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். என் அளவில் ஐந்தேகால் மீட்டர். என் அறையே அவ்வளவு இல்லை. ஆனால் அதில் வரும் 20 அடி கண்டெய்னர் 80 மில்லிமீட்டர் நீளமும் 32 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெட்டிதான். வீடு கட்டத் துணியாதவர்கள் முதலில் அப்படி ஒரு பெட்டியைச் செய்து கையைப் பழக்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு செய்துவிடுகிறார்கள்.

மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வீடுகளை மேசையோடு சேர்த்து ஒட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பலகை. கம்பிகள் ஒரு சிறிய பிளக்கில் முடிய வேண்டும். இரண்டு அடிக்கு ஒன்றரை அடிப் பெட்டி ஒன்றில் பழைய வேட்டியைச் சுற்றி எங்கள் வீட்டையும் சாலியர் தெருவில் இரண்டு வீடுகளையும் வைத்துவிட முடிகிறது. எங்கள் வீட்டின் கூரையை நான் இன்னும் ஒட்டவில்லை. ஓணம் விடுமுறைக்கு அக்கா இங்கே வருகிறாள். அடுக்களையில் அம்மி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.